அட்டைக்கு மார்க் போடுவது யார்?

மாசி மாதம் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும்போது கடைகளில் பலூனுக்கும் வளையலுக்கும் நடுவே தங்க நிறத்தில் மின்னும் போக்கிமான் பாக்கெட்டுகள் தொங்கும். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குவார்கள். அந்த மஞ்சள் கார்டுகளில் ஒன்றுகூட அசல் கிடையாது. விளையாட அது போதும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கல் பத்து வருஷம் கழித்துத் தொடங்குகிறது. அதே பிள்ளை கல்லூரிக்குப் போகிறான், பகுதி நேர வேலையில் சேர்த்த காசில் அசல் பாக்கெட்டை ஆன்லைனில் வாங்குகிறான். ஒருநாள் அரிய கார்டு ஒன்று விழுகிறது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதுமே பதில் வந்துவிடுகிறது: "கிரேடிங்குக்கு அனுப்பு ப்ரோ, பத்து வந்தா லட்சம்."

எந்த கம்பெனிக்கு அனுப்புவது, யார் மூலமாக அனுப்புவது, என்ன செலவாகும், பத்து வராவிட்டால் என்ன ஆகும்? இதையெல்லாம் அந்தக் குழுவில் யாரும் பேசுவதில்லை. பழைய காசு சேர்ப்பவர்களும் நோட்டு சேர்ப்பவர்களும் இதே கேள்விகளோடுதான் நிற்கிறார்கள். பழனி ரோட்டுக் கடைக்காரரிடமிருந்து வேடசந்தூர் விவசாயி வரை, வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய பொருள் இருந்தால் அதற்கு "சர்டிபிகேட்" வாங்கிவிட்டால் விலை ஏறும் என்று யாரோ ஒருவர் காதில் போட்டிருப்பார். பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் பணம் போகிறது.

கிரேடிங் என்பது இதுதான். கார்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். அசலா போலியா என்று முதலில் பார்க்கிறார்கள். ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, நிறம் பூசப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு நான்கு விஷயங்களை எடைபோடுகிறார்கள்: படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, நான்கு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றனவா, ஓரங்களில் வெள்ளை தெரிகிறதா, மேற்பரப்பில் கீறலோ அச்சுக்கோடோ உண்டா. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே சான்று எண்ணோடு லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்லாப். ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாடு வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் விலையில் அது இரண்டு மடங்காகவோ ஐந்து மடங்காகவோ நிற்கும்.

இந்த முறை காசு சேர்ப்பவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்கச் செப்புக் காசுகளைத் தரம் பிரிக்க வில்லியம் ஷெல்டன் 1949-ல் ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோலை வகுத்தார். அதையே அடிப்படையாக வைத்து 1986-ல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என இரு நிறுவனங்கள் காசுகளைப் பிளாஸ்டிக்கில் அடைத்து மார்க் போடத் தொடங்கின. அதில் கண்ட லாபம் கார்டு பக்கம் திரும்பியது. 1991-ல் பி.எஸ்.ஏ. வந்தது. 1998-ல் எஸ்.ஜி.சி., 1999-ல் பெக்கெட்டின் பி.ஜி.எஸ். வந்தன. காமிக்ஸ் புத்தகங்களுக்காக 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. 2020-ல் கார்டுகளுக்கும் இறங்கியது. நோட்டுகளுக்கு 2005-ல் பி.எம்.ஜி. வந்தது.

முதல் கார்டிலேயே பொய்

கார்டு சேர்க்கும் பழக்கமே புகையிலையில் பிறந்தது. சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைத்தார்கள். அதில் நடிகை, போர்வீரன், விளையாட்டு வீரன் என்று படம் அச்சடித்தபோது, அப்பா புகைக்க, பிள்ளை அட்டையைச் சேர்த்தான். திண்டுக்கல்காரர்களுக்கு இது அந்நியமான கதை இல்லை. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர் இது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது.

1909-லிருந்து 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்று பேஸ்பால் வீரர்களின் அட்டைகளை வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் அந்தத் தொகுப்பை டி-206 என்பார்கள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டதால் மிகச் சிலதான் மிஞ்சின. 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அப்படியொரு அட்டையை 25,000 டாலருக்கு வாங்கினார். அது கை மாறி, 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. அப்போதுதான் பிறந்திருந்தது. அது மார்க் போட்ட முதல் கார்டு இதுதான். பத்துக்கு எட்டு கொடுத்தார்கள். எண்பது ஆண்டுப் பழைய அட்டைக்கு எட்டு என்பது வியப்பான மார்க். அந்த நிறுவனத்தின் பெயரையே அந்தக் கார்டுதான் நிலைநாட்டியது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது.

2013-ல் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். அந்த அட்டையின் பக்க ஓரங்களை வெட்டிச் சீராக்கியவர் அவரேதான். ஓரம் வெட்டிய கார்டுக்கு மார்க்கே போடக் கூடாது என்பது கிரேடிங்கின் முதல் விதி. முதல் கார்டிலேயே அந்த விதி தவறியிருந்தது. தன் ஏல நிறுவனத்தில் ஆள் வைத்து விலை ஏற்றிய மோசடிக்காக அவர் 2015-ல் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டப்படாத வேறொரு வாக்னர் அட்டை, எஸ்.ஜி.சி.யிடம் வெறும் மூன்று மார்க் வாங்கியது, 2021-ல் 66 லட்சம் டாலருக்குப் போனது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-ல் ஓரம் வெட்டப்பட்ட கார்டுகள் நூற்றுக்கணக்கில் ஸ்லாப்புக்குள் இருந்ததைச் சேகரிப்பாளர்களே கண்டுபிடித்தார்கள். பழைய ஏலப் படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். 2025 தொடக்கத்தில் வந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. 1996-ல் போக்கிமான் விளையாட்டு உருவானபோது சோதனைக்காக அச்சடித்தவை என்று சொல்லப்பட்ட கார்டுகள் சி.ஜி.சி. சான்றோடு பெரும் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன. நவீன கலர் பிரிண்டர்கள் தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை இடும், அச்சடித்த தேதி அதில் ஒளிந்திருக்கும். யாரோ ஒருவர் அந்தக் கார்டுகளின் படத்தைப் பெரிதாக்கி, நிறத்தைக் கூட்டிப் பார்த்தார். புள்ளிகள் சில கார்டுகளில் 2024 என்று காட்டின.

இதையெல்லாம் சொல்வது கிரேடிங்கே ஏமாற்று வேலை என்று காட்டுவதற்காக இல்லை. நல்ல நிறுவனங்கள் போலிகளை ஏராளமாகத் தடுக்கின்றன. முகம் தெரியாத இருவர் கண்டம் விட்டுக் கண்டம் வியாபாரம் செய்ய அவைதான் வழி வகுத்திருக்கின்றன. ஆனால் அந்த மார்க்கின் தன்மை என்ன என்று தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். நம்மவர்கள் அதை நகைக்கடை ஹால்மார்க் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஹால்மார்க்குக்குப் பின்னால் அரசின் பி.ஐ.எஸ். இருக்கிறது, சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. சந்தேகம் வந்தால் தங்கத்தை மறுபடி சோதித்து, இத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம். கார்டின் மார்க்குக்கு அப்படி எந்த அரசும் பின்னால் இல்லை. அது ஒரு நிறுவனத்தின் பார்வை. அதே கார்டை ஸ்லாப்பிலிருந்து உடைத்தெடுத்து மறுபடி அனுப்பி வேறு மார்க் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அதையே தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. அந்தப் பார்வையை எத்தனை பேர் நம்பிப் பணம் கொடுக்கிறார்களோ அதுதான் அதன் மதிப்பு. ஆகவே எந்த நிறுவனம் நல்லது என்று கேட்பதைவிட, என் கார்டை வாங்கப்போகிறவர் எந்த நிறுவனத்தை நம்புகிறார் என்று கேட்பதே சரி.

முதலில் நம் கண்

அனுப்புவதற்கு முன் கார்டை நாமே பார்க்க வேண்டும். பெரிய கருவி வேண்டாம். கைகழுவித் துடைத்துக்கொண்டு, மேசை மேல் மெத்தென்ற துணி விரித்து, மேசை விளக்கு ஒன்று, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, ஒரு ஸ்கேல் இருந்தால் போதும்.

முதலில் பின்பக்கம். போக்கிமான் கார்டின் பின்புறம் நீலம், ஓரத்தில் ஒரு புள்ளி வெள்ளை இருந்தாலும் பளிச்சென்று தெரியும். நான்கு மூலைகளையும் லென்ஸில் பாருங்கள். பாக்கெட்டைப் பிரித்த அன்றே மூலையில் வெள்ளை இருக்கலாம், ஆலையில் வெட்டும்போதே வந்திருக்கும். அடுத்து கார்டை விளக்குக்குச் சாய்வாகப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். நேராகப் பார்த்தால் தெரியாத மயிரிழைக் கீறலும், ஃபாயிலின் குறுக்கே ஓடும் அச்சுக்கோடும் ஒளி சறுக்கும் ஒரு கணத்தில் தெரியும். அந்தக் கோடு ஒன்று போதும், பத்து கைநழுவிவிடும். பிறகு ஸ்கேல். இடது ஓரம் எவ்வளவு, வலது ஓரம் எவ்வளவு, மேலே கீழே எவ்வளவு என்று அளக்க வேண்டும். பி.எஸ்.ஏ.யில் பத்து வாங்க முன்பக்க ஓரங்கள் 55-க்கு 45 என்ற அளவுக்குள் நிற்க வேண்டும், பின்பக்கத்தில் 75-க்கு 25 வரை தாராளம் உண்டு.

அசலா என்ற சந்தேகம் இருந்தால் செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். அசல் போக்கிமான் கார்டின் இரண்டு தாள்களுக்கு நடுவே கருமையான ஒரு அடுக்கு இருப்பதால் ஒளி அவ்வளவாக ஊடுருவாது. திருவிழாக் கடைக் கார்டு விளக்குத் தாள் மாதிரி வெளிச்சத்தை விட்டுவிடும். அசலின் அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். தெரிந்த அசல் ஒன்றை மேலே வைத்து ஒப்பிட்டாலே பல போலிகள் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, பெட்டியில் இருக்கும் நூறு கார்டில் அனுப்பத் தகுந்தவை நான்கைந்துதான் தேறும். அதுதான் சரியான எண்ணிக்கை. சென்டிமெண்டுக்காக, சின்ன வயதில் சேர்த்தது என்பதற்காக ஒரு கார்டை ஸ்லாப்பில் வைக்க விரும்பினால் தாராளமாக அனுப்பலாம். அது ஆசை, அதற்கு விலைக்கணக்கு பார்க்க வேண்டாம். லாபம் வரும் என்று அனுப்புகிறவர்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். குறைந்த கட்டணத் திட்டங்களிலேயே ஒரு கார்டுக்குச் சுமார் 20 முதல் 30 டாலர் வாங்குகிறார்கள். போகும் செலவு, வரும் செலவு, காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கம், நடுவில் சேர்த்து அனுப்புபவரின் கமிஷன் எல்லாம் சேர்ந்தால் ஒரு கார்டுக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாது, பெரும்பாலும் கூடும். மார்க் எட்டு வந்தால் அந்தக் கார்டு சாதாரணமாக என்ன விலைக்குப் போகும் என்று பாருங்கள். பத்து வந்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதை நிறுத்துங்கள். எட்டுக்குக் கிடைக்கும் விலை, கார்டின் இப்போதைய விலையோடு இந்த மூவாயிரத்தையும் தாண்டாவிட்டால் அனுப்புவது சூதாட்டம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கார்டின் மதிப்பை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும், கட்டணத் திட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். மார்க் நன்றாக வந்து சந்தை விலை அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நல்ல செய்தியோடு சேர்ந்து வரும் பில் அது.

யாரிடம் போவது?

பி.எஸ்.ஏ.தான் சந்தையில் பெரியது. போக்கிமான், கிரிக்கெட், கால்பந்து எதுவானாலும் மறுவிற்பனையில் அதன் பத்துக்குத்தான் பொதுவாக அதிக விலை. வாங்குகிறவர் கூட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் கூட்டம் அதிகமென்றால் தாமதமும் அதிகம். கொரோனா காலத்தில் உலகம் முழுக்கப் பழைய கார்டுகளைத் தோண்டியெடுத்து அனுப்பியதில் குவியல் சேர்ந்து, 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான திட்டங்களை நிறுத்தியே வைத்தது. தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் 2024-ல் எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டது. இரண்டு தனித்தனிக் கருத்து வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

பெக்கெட்டின் பி.ஜி.எஸ். ஒரே மார்க்கோடு நிற்பதில்லை. மையம், மூலை, ஓரம், மேற்பரப்பு என்று நான்குக்கும் தனித்தனி மார்க் கேட்டு வாங்கலாம். நான்கிலும் பத்து வந்தால் கறுப்பு லேபிள் கிடைக்கும். அது மிக அரிது, விலையும் அப்படியே. எங்கே மார்க் போனது என்று கற்றுக்கொள்ள விரும்பும் புதியவருக்கு இந்த முறை நல்ல ஆசிரியர். சி.ஜி.சி.க்கு போக்கிமான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. காசுக்கான என்.ஜி.சி.யும் நோட்டுக்கான பி.எம்.ஜி.யும் அதே குடும்பம், புளோரிடாவில் இருக்கின்றன. எஸ்.ஜி.சி. பழைய பேஸ்பால் கார்டுகளுக்குப் பேர் போனது. கறுப்புப் பின்னணியில் கார்டு எடுப்பாகத் தெரியும் என்பதால் அதை விரும்புவோர் உண்டு. நம் ஊரில் தொண்ணூறுகளில் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களுக்கு எது பொருத்தம் என்று கேட்டால், என் அபிப்பிராயம்: பெரும்பாலானவற்றுக்கு எதுவும் வேண்டாம். அவற்றை வாங்குகிறவர்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள், நேரில் பார்த்து வாங்குகிறார்கள். அமிலமில்லாத கவரில் போட்டு, வெயில் படாமல், ரப்பர்பேண்ட் போடாமல் வைத்தால் போதும்.

புதிதாகத் தொடங்கும் கிரேடிங் நிறுவனங்கள் இந்தியாவிலும் தலையெடுக்கின்றன. கட்டணம் குறைவு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், கடல் தாண்ட வேண்டாம். கவர்ச்சியான விஷயங்கள்தான். ஆனால் மூன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவர்களுடைய சான்று எண்ணை இணையத்தில் போட்டால் அந்தக் கார்டின் படத்தோடு விவரம் வருகிறதா? இதுவரை எத்தனை கார்டுக்கு எத்தனை பத்து கொடுத்திருக்கிறார்கள் என்று வெளியிடுகிறார்களா? அவர்களுடைய ஸ்லாப்போடு விற்ற கார்டுகளுக்கு வேறு வியாபாரிகளிடம் என்ன விலை கிடைத்தது? பெரிய நிறுவனங்கள் "பாப்புலேஷன்" என்ற பெயரில் மார்க் கணக்கைப் பகிரங்கமாக வைக்கின்றன. அதைக் காட்ட மறுப்பவர்களிடம் கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்லாப்பில் இருக்கும் கார்டை வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஸ்லாப்பையே போலியாகச் செய்து, உண்மையான ஒரு சான்று எண்ணை அதில் ஒட்டி விற்கிறார்கள். எண்ணைச் சோதித்தால் அசல் என்றே வரும். எண்ணோடு வரும் படத்தையும் கையில் இருக்கும் கார்டையும் மூலைக்கு மூலை ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

காலிகாபாத் காசை அனுப்பலாமா?

இனி காசு. திண்டுக்கல் சமவெளியில் இதுதான் பெரிய விஷயம், கார்டைவிடப் பல மடங்கு பெரிது. 1856-ல் பழனிக்கு அருகே களையம்புத்தூரில் ரோமானியத் தங்கக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பழனி வட்டம் பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் நடத்திய அகழாய்வு, அந்தப் பகுதியின் பழமையைப் பல நூற்றாண்டுகள் பின்னே கொண்டுபோனது. 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்தது இந்தத் திண்டுக்கல் கோட்டைக்குத்தான். 1790-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இந்தச் சீமையை விட்டுக்கொடுத்தார். திப்புவின் செப்புக் காசுகளில் காலிகாபாத் என்ற அக்கசாலைப் பெயர் வரும். அது திண்டுக்கல்தான் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்ல, ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய சந்தகல் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள்.

அந்தக் காசைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்தில் அக்கசாலையின் பெயர். பைசாவுக்குத் திப்பு சூட்டிய பெயர் ஜோஹ்ரா, அதாவது வெள்ளிக் கோள். இருநூறு ஆண்டு மண்ணிலும் கையிலும் கிடந்த செம்பு பழுத்து, காப்பித் தூள் நிறத்தில் இருக்கும். யானையின் காதும் தும்பிக்கையும் மேடு, அங்கே மட்டும் தேய்ந்து இளம் பழுப்பு. அந்த நிறம்தான் அதன் வயது. வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு புளி போட்டுத் தேய்த்திருந்தால் காசு குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும், மேடெல்லாம் சிவந்து நிற்கும், குழியில் புளிச் சக்கை தங்கியிருக்கும். அந்த நிமிடமே அதன் சந்தை மதிப்பு சரிந்துவிட்டது. கிரேடிங் நிறுவனங்கள் இப்படிக் கழுவிய காசுக்கு எண்ணே போடுவதில்லை, "சுத்தம் செய்யப்பட்டது" என்று லேபிளில் எழுதி அனுப்பிவிடும். நோட்டை லாமினேட் செய்வதும் இதே பாவம்தான். பழைய ஒரு ரூபாய் நோட்டைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து லாமினேஷன் கடையில் கொடுத்து, அதன் மதிப்பைச் சூட்டிலும் பசையிலும் கரைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

புளி படாத நல்ல காசாக இருக்கிறது, அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க் வாங்கலாமா? கூடாது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த காசு எதுவும் தொல்பொருள். அதை மத்திய அரசும், அது அதிகாரம் தந்த அமைப்பும் தவிர வேறு யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. கிரேடிங் முடிந்து திரும்பித்தானே வரும் என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது. திப்பு பைசா மட்டுமில்லை, விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயும், எட்வர்ட் ரூபாயும், நூறு வயது தாண்டிய ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் இதில் அடக்கம். "நான் அனுப்பித் தர்றேன் தம்பி, எல்லாரும் பண்றதுதான்" என்று ஒருவர் சொன்னால், பெட்டி சுங்கத்தில் மாட்டும்போது அனுப்பியவர் பெயர் யாருடையது என்று கேளுங்கள்.

நிலத்தை உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைத்தால் அது வேறு சட்டம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தக் காசுகளுக்குச் சான்று வேண்டாமா என்றால், அறிந்த கண்தான் சான்று. தினமலர் ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி 1980-களில் ஒரு செப்புக் காசில் தமிழ் பிராமி எழுத்தைப் படித்து, அது பாண்டியன் பெருவழுதியின் காசு என்று நிலைநாட்டினார். சங்ககாலத் தமிழ் மன்னர்கள் காசு வெளியிட்டதற்குப் பெரும் சான்றாக அது அமைந்தது. எந்த ஸ்லாப்பும் அதைச் சொல்லவில்லை, பல ஆண்டு படிப்பும் லென்ஸும் சொன்னது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பிரிவும், பெரிய நகரங்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்கு வரும் மூத்த சேகரிப்பாளர்களும் இன்றைக்கும் அந்தக் கண்ணோடு இருக்கிறார்கள்.

செல்லாத நோட்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ல் செல்லாமல் போன 500, 1,000 ரூபாய் நோட்டுகளை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. 2017-ம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பது குற்றம். ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை அனுமதி. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்க்கும் 786 என்று முடியும் நோட்டுக்கும் லட்சம் தருவதாக வரும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். முதலில் "பதிவுக் கட்டணம்", பிறகு "வரி", பிறகு "கமிஷன்" என்று நம் பணம்தான் அவர்களிடம் போகும். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் எச்சரிக்கையே வெளியிட்டது.

நடுவில் நிற்பவர்

மறுபடி கார்டுக்கு வருவோம், ஏனென்றால் சட்டச் சிக்கல் இல்லாமல் அனுப்பக்கூடியது அதுதான். கையெழுத்து வாங்கிய கார்டு என்றால் கொஞ்சம் கவனம். 2024-ல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் டி.என்.பி.எல். கோப்பையை வென்றது. நத்தம் ரோடு மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது வீரர்களிடம் கையெழுத்து வாங்கும் பிள்ளைகள் ஏராளம். கையெழுத்து அசலா என்று பார்ப்பது தனிச் சேவை, தனிக் கட்டணம். ஒப்பிட்டுப் பார்க்க அந்த வீரரின் போதுமான மாதிரிகள் அவர்களிடம் இருந்தால்தான் முடிவு சொல்வார்கள். வாங்கும்போது எடுத்த வீடியோ உங்களுக்கு நினைவாகவும் அடுத்தவருக்கு ஆதாரமாகவும் இருக்கும். அதைச் செல்போனோடு தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து நேரடியாக ஒற்றைக் கார்டை அமெரிக்காவுக்கு அனுப்புவது செலவில் கட்டுப்படியாகாது. அதனால் சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் ஒருவர் பலருடைய கார்டுகளைச் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்பும் முறை வளர்ந்திருக்கிறது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த இடைத்தரகரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர் எண்ணிக்கை இதற்குச் சான்று ஆகாது. கார்டு அவர் கைக்குப் போனதிலிருந்து உங்கள் கைக்குத் திரும்பும்வரை தொலைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் நிறுவனத்தில் பதிவு செய்யும் அனுப்பு எண்ணை உங்களுக்குத் தர வேண்டும், அதை வைத்துக் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். காப்பீடு எந்தத் தொகைக்கு, சுங்கம் யார் கட்டுவது, கூடுதல் கட்டணம் வந்தால் எப்படிப் பகிர்வது என்பதும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை. "அண்ணே, நம்பிக்கைதான் முக்கியம்" என்று இந்தக் கேள்விகளைத் தட்டிக் கழிப்பவரிடம் கார்டைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அஞ்சல் வழியையும் எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. அமெரிக்கா சிறு பார்சல்களுக்கான வரிவிலக்கை நீக்கியதால் 2025 ஆகஸ்டில் இந்திய அஞ்சல் துறை அங்கே போகும் பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்தியது, அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் கார்டை ஒப்படைத்தவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அனுப்பும் நாளில் கார்டின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். மெல்லிய ஸ்லீவில் போட்டு, அதை லேசாக வளையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைக்க வேண்டும். டாப்லோடர் என்ற கெட்டியான உறையிலிருந்து வெளியே எடுக்கும்போது மூலை மடங்கக்கூடும் என்பதால் பி.எஸ்.ஏ. அதை விரும்புவதில்லை. செலோடேப் ஸ்லீவில் நேரடியாகப் படக் கூடாது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, அசையாதபடி கட்டி, பெட்டியின் உள்ளே நிரப்பிவிடுங்கள். அனுப்பிய ரசீதைப் படமெடுத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மாதங்கள் ஆகும். மார்க் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அதுவரை அந்தக் கார்டுக்கு யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.